மூணும் தண்ணி மாதிரிதான் இருக்கும்

"மோந்து பாரு," என்றாள் துருவி.

சோடா இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். "என் மூக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கல மேடம்."

"உன் மூக்குக்குத்தான் சம்பளமே. மத்த உறுப்பெல்லாம் இலவச இணைப்பு."

உண்மைதான். எப்போதோ வந்த ஒரு காய்ச்சலில் வாசனை அறியும் சக்தியை மொத்தமாகப் பறிகொடுத்தவள் துருவி. பக்கத்து வீடு தீப்பற்றி எரிந்தாலும் யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. ஆனால் கேள்வி கேட்க உட்கார்ந்தால் தேங்காய்த் துருவி தோற்கும். பெயரும் அப்படித்தான் வந்தது. அவளிடம் வேலை பார்க்கும் சோடாவுக்கு மூக்குக்கண்ணாடியின் தடிமன் வாங்கிக்கொடுத்த பெயர். அதைக் கழற்றினால் அவனுக்குக் கதவும் ஒன்று, சுவரும் ஒன்று. அவள் கண்ணையும் இவன் மூக்கையும் சேர்த்தால் ஒரு முழுத் துப்பறிவாளர் கிடைப்பார் என்பது அவன் கணக்கு.

அடுப்பின் சுடரில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று சிவந்துகொண்டிருந்தது. துருவி அதைக் குறடால் பிடித்திருந்தாள். சமையலறை மேஜைக்கு எதிர்ப்பக்கம், நாற்காலி போட்டும் உட்காராமல் ஒரு இளைஞன் நின்றான். வண்டி மெக்கானிக். நகக் கண்ணெல்லாம் கறுப்பு. அவன் கொண்டுவந்த சின்ன மருந்துப் பாட்டிலில் கொஞ்சம் பிராந்தி இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி. மெதுவா."

"மெதுவா சொல்ல நேரமில்லைங்க. சாயங்காலம் அக்காவை அரெஸ்ட் பண்ணிடுவாங்க." அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "மாமா வயலின் செய்யறவரு. பல மாசமா ஒரே வயலினோட மல்லுக்கட்டினாரு. போன வாரம் அக்காவுக்கும் அவருக்கும் பெரிய சண்டை. 'எந்நேரமும் அந்தக் கட்டையையே பார்த்துக்கிட்டிருக்கற கண்ணு அவிஞ்சு போக'ன்னு அக்கா கத்திட்டா. கோபத்துல சொன்னதுதாங்க. அக்கம்பக்கத்துல எல்லார் காதுலயும் விழுந்துருச்சு."

"அப்புறம்?"

"வயலின் முடிஞ்சுது. சமாதானமாயிட்டாங்க. அக்காவே பிராந்தி பாட்டிலைத் திறந்து ரெண்டு பேருக்கும் ஊத்தினா. மறுநாள் காலையில வெயில் மூஞ்சில அடிக்குது, மாமா படுக்கையில உட்கார்ந்துக்கிட்டு, 'இன்னும் விடியலையா'ன்னு கேட்டாரு."

சோடா சிரிக்க வாய்திறந்து மூடிக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில ரத்தத்தைப் பார்த்துட்டு மெத்தனால்னு சொன்னாங்க. மருந்து ஏறிக்கிட்டிருக்கு. உயிருக்கு பயமில்லையாம். கண்ணுதான் எவ்வளவு திரும்பும்னு தெரியாதாம். மயக்கத்துல இருக்காரு, எதுவும் சொல்ல முடியல. போலீஸ் பாட்டிலை எடுத்துட்டுப் போய் லேபுக்கு அனுப்பிட்டாங்க. ரிசல்ட் வர வாரக்கணக்காகுமாம். அக்கா தன் கிளாஸ்ல ரெண்டு மடக்கு குடிச்சுட்டு மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜுல வெச்சிருந்தா. அதை யாரும் கவனிக்கல. அதுதான் இது."

கம்பி தகதகவென்றானதும் துருவி அதை வெளியே எடுத்தாள். காற்றுப் பட்டதும் கறுத்தது. கறுத்த கம்பியைப் பிராந்தியில் முக்கினாள். 'சுர்'ரென்று ஒரு சத்தம். கம்பி மறுபடி புதுச் செம்பாகப் பளபளத்தது.

"இப்போ மோந்து பாரு. கிட்ட போகாத. கையால காத்தை உன் பக்கம் தள்ளிக்கோ."

சோடா கண்ணை மூடிக்கொண்டு சங்கீதம் கேட்பவன்போலத் தலையை ஆட்டினான். "பிராந்தி. அதுக்கு மேல ஆப்பிள். ரெண்டு நாள் பைக்குள்ள மறந்து வெச்ச ஆப்பிள்."

"தவளை இல்லையே?"

"தவளையா?"

"ஸ்கூல் லேப்ல தவளையை ஊறப்போட்ட ஜாடி. திறந்தா கண்ணு எரியுமே, அந்த நெடி."

"சத்தியமா இல்ல. ஆப்பிள் மட்டும்தான்."

துருவி குறடைக் கீழே வைத்தாள். "மெத்தனால், எத்தனால், ஐசோப்ரோபைல். மூணும் தண்ணி மாதிரிதான் இருக்கும். மூணையும் கடையில ஸ்பிரிட்னுதான் சொல்லுவாங்க. ஆனா சூடான செம்பைக் காட்டினா ஒவ்வொண்ணும் தன் ஜாதகத்தைச் சொல்லிடும். குடிக்கிற சாராயம்னா ஆப்பிள். ஊசி போடறதுக்கு முன்னாடி துடைக்கிற ஐசோப்ரோபைல்னா நெயில் பாலிஷ் ரிமூவர். மெத்தனால்னா தவளை ஜாடி. ரெண்டு கலந்திருந்தா ரெண்டு வாசனையும் வரும். இதுல தவளை இல்ல."

"அப்போ அக்கா தப்பிச்சாச்சு!" மெக்கானிக் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். "வாங்க, இன்ஸ்பெக்டர்கிட்ட போய்ச் சொல்லலாம்."

"சொன்னா உடனே அரெஸ்ட் பண்ணுவாரு."

"ஏன்?"

"உங்க அக்கா கிளாஸ் சுத்தம். உங்க மாமாவுக்குக் கண்ணு போச்சு. ரெண்டும் ஒரே பாட்டில். சோடா, நீ இன்ஸ்பெக்டரா இருந்தா என்ன சொல்லுவ?"

"'தனக்கு நல்லதை ஊத்திக்கிட்டு, புருஷன் கிளாஸ்ல மட்டும் கலந்திருக்கா'ம்பேன். அப்புறம் மீசையை முறுக்குவேன்."

மெக்கானிக் அப்போதுதான் நாற்காலியைக் கண்டுபிடித்தவன்போல அதில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"எழுந்திருங்க," என்றாள் துருவி. "உங்க மாமா வேலை செய்யற இடத்தைக் காட்டுங்க."

"அங்க எதுக்கு? அவர் குடிச்சது வீட்லங்க."

"குடிச்சது வீட்ல. ஆனா ஆளு நாள் முழுக்க இருந்தது எங்க?"

*

சோடாவின் ஸ்கூட்டர் பின்சீட்டில் துருவியால் சும்மா உட்கார முடியவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அவன் முதுகில் விரலால் தாளம் போட்டாள். முன்னால் மெக்கானிக்கின் பைக் சந்து சந்தாக வளைந்து ஓடியது.

"மேடம், அந்தத் தம்பி எவ்வளவு பாசமா இருக்கான் பாருங்க. அக்காவுக்காக இப்படிப் பறக்கறான்."

"பறக்கறான். ஆனா கம்பியை நான் முக்கினப்போ எங்க பார்த்தான்?"

"எங்க?"

"நீ கண்ணை மூடி கச்சேரி கேட்டுக்கிட்டிருந்த. அக்கா உயிரே அந்தப் பாட்டில்ல இருக்குன்னு நம்பறவன் உன் மூஞ்சியைப் பார்த்திருக்கணும். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்."

"அவசரம்..."

"பரீட்சை ரிசல்ட் ஒட்டும்போது யாரு பலகையைப் பார்க்காம வேடிக்கை பார்ப்பா?"

"ஏற்கெனவே மார்க் தெரிஞ்சவன்," என்றான் சோடா. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

*

பட்டறை ஒரு மாடிப்படியின் உச்சியில் இருந்தது. கதவைத் திறந்ததும் உள்ளிருந்த காற்று கெட்டியாக வந்து முகத்தில் மோதியது. சுவர் முழுக்க உளிகள், இழைப்புளிகள், தலை இல்லாத வயலின்கள். தரையில் சுருள் சுருளாக மரச் சீவல். ஜன்னல் இடுக்குகள் எல்லாம் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தன. மின்விசிறிகூட இல்லை.

"ஈ உள்ள வரணும்னாக்கூட விண்ணப்பம் போடணும் போலிருக்கே," என்றான் சோடா.

"வார்னிஷ் காயும்போது தூசி ஒட்டக்கூடாதுன்னு மாமா எல்லாத்தையும் அடைச்சுடுவாரு," என்றான் மெக்கானிக். வாசலைத் தாண்டி அவன் உள்ளே வரவில்லை.

புது வயலின் ஜன்னலோரம் ஒரு கம்பியில் தொங்கியது. தேன் நிறம். துருவி அதை மெல்லத் திருப்பி வெயிலில் காட்டினாள். முன்பக்கம் முகம் பார்க்கலாம் போலிருந்தது. பின்பக்கம், இடுப்பு வளைவுக்குக் கீழே, வார்னிஷ் கண்ணீர்போல வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. அதற்குள் தூரிகை முடிகள் சிக்கியிருந்தன.

"உங்க மாமா வேலையில எப்படி?"

"ஒரு முடி ஒட்டியிருந்தா மொத்தத்தையும் சுரண்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு. அதனாலதான் அக்காவோட சண்டையே."

"இதுல மூணு முடி இருக்கு. இந்தப் பின்பக்கத்தை எப்போ பூசினாரு?"

"கடைசியா. அன்னிக்குப் பகல்ல. முடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு, அப்புறம்தான்..." அவன் நிறுத்தினான்.

"அப்புறம்தான் பிராந்தி. அதாவது பிராந்தியை வாய்ல வைக்கிறதுக்கு முன்னாடியே அவருக்குக் கண்ணு மங்கியிருக்கு. பளபளன்னு முடிச்சுட்டோம்னு நினைச்சுக்கிட்டு இந்த அலங்கோலத்தைத் தொங்கவிட்டுட்டுப் போயிருக்காரு. சோர்வா இருக்கும், கண்ணாடியை மாத்தணும்னு நினைச்சிருப்பாரு. விஷம் வீட்ல ஏறல தம்பி. இங்க ஏறியிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா, பல நாளா."

மெக்கானிக்கின் முகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு முகங்கள் வந்து போயின. ஒன்றில் நிம்மதி. இன்னொன்றை அவன் சட்டென்று குனிந்து மறைத்துக்கொண்டான்.

"வார்னிஷுக்கு அரக்கை எதுல கரைப்பாரு?"

"ஸ்பிரிட்ல."

"துணியில நனைச்சு வெறுங்கையால தேய்ப்பாரா?"

"ஆமா."

"இப்படி அடைச்ச ரூம்ல."

மேஜைக்கு அடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது. சோடா அதை இழுத்து மூடியைத் திறந்தான். "தவளை ஜாடிக்குத் தயாரா இருக்கேன் மேடம்."

"மோந்து பார்க்க வேண்டாம். இதுக்கு உப்பு போதும்."

துருவியின் கைப்பையில் எப்போதும் ஒரு பாதிச் சமையலறை இருக்கும். ஒரு கண்ணாடி ஜாடியில் கேனிலிருந்து கொஞ்சம், அதே அளவு தண்ணீர், இரண்டு சொட்டுச் சிவப்பு மை, அப்புறம் கை நிறைய உப்பு. மூடியைத் திருகி, கையை நீட்டிப் பிடித்துக் குலுக்கி, ஜாடியைப் பலகைமேல் வைத்தாள். கலங்கியது தெளியத் தெளிய, அடியில் வெளிறிய தண்ணீர் தங்கியது. அதன் தலையில் எண்ணெய் மிதப்பதுபோலச் சிவப்பாக ஒரு படலம் பிரிந்து நின்றது.

"கோடு கிழிச்ச மாதிரி இருக்கு!" என்றான் சோடா. "கூட்டுக் குடும்பத்துல பாகம் பிரிச்சாச்சு."

"உப்பு வந்தா ஐசோப்ரோபைல் தண்ணியோட ஒத்துப்போகாது, தனிக்குடித்தனம் போயிடும். மத்த ரெண்டும் உப்புக்கெல்லாம் அசையாது, தண்ணியோடவே கிடக்கும். இது ஐசோப்ரோபைல்."

"அப்போ மெத்தனால் இல்லையே?" மெக்கானிக்கின் குரல் எழும்பியது. "கேனும் சுத்தம். வேற ஏதோ காரணம். விடுங்க. வயலின்ல முடி ஒட்டினதை மட்டும் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலாம். அதுவே அக்காவுக்குப் போதுமே?"

துருவி கேனைச் சுற்றி வந்தாள். "சோடா, இந்த ரூம்ல அரக்குக் கறை இல்லாத பொருள் ஒண்ணு காட்டு."

சோடா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். உளிப்பிடிகள், கதவுக் கைப்பிடி, ரேடியோப் பொத்தான், தண்ணீர்க் குவளை, எல்லாவற்றிலும் பழுப்பு விரல் ரேகைகள். வயலின்காரர் எதைத் தொட்டாலும் முத்திரை குத்தியிருந்தார். பார்த்துக்கொண்டே வந்தவன் கண் கேனில் நின்றது. கேன் கல்யாண மாப்பிள்ளைபோல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இதுதான் மேடம். அப்புறம்... நான் திறந்தப்போ கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருந்துச்சு. பல நாளா தேய்ச்சவரு ஒரு சொட்டுகூட எடுக்கலையா?"

"இந்தக் கேன் உங்க மாமாவோட கையைப் பார்த்ததே இல்ல தம்பி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு யாரோ இங்க வந்து பழைய கேனை எடுத்துட்டு இதை வெச்சிருக்காங்க. உங்க அக்காகிட்ட இந்தப் பட்டறைச் சாவி இருக்கா?"

"இல்ல. மாமாகிட்ட ஒண்ணு..." அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். "அவசரத்துக்கு என்கிட்ட ஒண்ணு."

துருவி அந்தப் பதிலைத் துருவாமல் விட்டாள். அதுதான் சோடாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் பலகையின் கோடிக்குப் போய், மெழுகுக் கட்டிகளுக்கும் சின்னக் கரண்டிகளுக்கும் பின்னால் இருந்த ஒரு கண்ணாடி விளக்கை எடுத்தாள். குண்டு வயிறு, தடித்த திரி, திரிமேல் கவிழ்த்த உலோகத் தொப்பி. உடம்பெல்லாம் பழுப்பு ரேகை.

"இது எதுக்கு?"

"மெழுகு உருக்க, கத்தியைச் சூடாக்க." மெக்கானிக் அவசரமாகச் சொன்னான். "அது பழசுங்க. அதுல ஒண்ணும் இருக்காது."

துருவி குலுக்கினாள். உள்ளே 'சளக்' என்றது.

"இருக்கே."

அவள் விளக்கை ஜன்னலுக்குக் கீழே, வெயில் பாளமாக விழுந்திருந்த இடத்தில் வைத்தாள். தொப்பியைக் கழற்றித் தீக்குச்சியைக் கிழித்துத் திரியில் காட்டிவிட்டுக் குச்சியை ஊதி அணைத்தாள். மூன்று பேரும் திரியைப் பார்த்தார்கள். திரி வெறுமனே நின்றது.

"பிடிக்கலையே," என்றாள்.

"திரி காய்ஞ்சு போச்சு மேடம். மேல இழுத்துவிடுங்க."

"ஆமா, இழுத்துத்தான் விடணும்." துருவி ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் சேர்த்துக்கொண்டு திரியை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதீங்க!"

வாசலில் நின்றவன் எப்போது உள்ளே பாய்ந்தான் என்று சோடாவுக்குத் தெரியவில்லை. மெக்கானிக்கின் கை துருவியின் மணிக்கட்டில் பலமாக அடித்துத் தள்ளியது. அவள் இரண்டடி தடுமாறி உளி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"எரியுதுங்க! எரிஞ்சுக்கிட்டிருக்கு! கை வெந்துபோயிருக்கும்!"

"எங்க எரியுது?" என்றான் சோடா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. "ஒண்ணும் தெரியலையே?"

துருவி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே ஒரு மரச் சீவலைத் திரிக்கு மேலே நீட்டினாள். ஒன்றுமில்லாத வெறும் காற்றில் அது குப்பென்று பற்றிக்கொண்டது. சோடா பின்னால் துள்ளினான்.

"எங்களுக்குத் தெரியல," என்றாள் துருவி மெதுவாக. "எனக்குக் கையில உறைச்ச சூட்டுல புரிஞ்சுது. அதனால நிதானமாத்தான் போனேன். வாசல்ல நின்ன உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது தம்பி?"

மெக்கானிக் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாதா ஸ்பிரிட்டுக்கு வெயில்லகூடக் கொஞ்சம் மஞ்சள் தெரியும். மெத்தனால் நெருப்பு வெயில்ல சுத்தமா மறைஞ்சுடும். பக்கத்துல போய்ச் சுட்டுக்கிட்டாத்தான் தெரியும். அப்படிச் சுட்டுக்கிட்டவங்கதான் வெறும் திரியைப் பார்த்து அந்த மாதிரிக் கத்துவாங்க. நீங்க எந்த வண்டி மெக்கானிக்?"

"ரேஸ் வண்டி," என்றான். "அதுக்குப் பெட்ரோலே மெத்தனால்தான்."

துருவி திரைச்சீலையை இழுத்துவிட்டாள். இருட்டில் திரியின்மேல் மெலிந்த நீலச் சுடர் ஒன்று நடுங்கியது. அதைத் தொப்பியால் மூடி அணைத்தாள். இரண்டு பழைய கரண்டிகளை எடுத்து இரண்டிலும், கைப்பையிலிருந்த, கரப்பான்பூச்சிக்குப் போடும் போரிக் பவுடரைத் தூவினாள். ஒன்றில் கடையில் வாங்கிய நல்ல சாராய ஸ்பிரிட், மற்றதில் விளக்கிலிருந்து சில சொட்டு. இரண்டையும் பற்றவைத்தாள். முதல் கரண்டி மஞ்சளும் நீலமுமாக எரிந்து ஓரத்தில் மட்டும் லேசாகப் பச்சை காட்டியது. இரண்டாவது, அடியிலிருந்து நுனிவரை கிளிப்பச்சை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் மெக்கானிக்கின் முகம் கண்ணீரோடு பளபளத்தது.

"கேனை மாத்தினீங்க. அதுலேர்ந்து அவர் ஊத்தி வெச்ச விளக்கை மறந்துட்டீங்க," என்றாள் துருவி.

"கொல்லணும்னு பண்ணலைங்க." அவன் அப்படியே சீவல்மேல் உட்கார்ந்துவிட்டான். "மாமாவுக்கு ஸ்பிரிட் தீர்ந்துபோச்சு. வழக்கமா வாங்கற கடையில இல்லைன்னாங்க. வேலை நின்னா அவர் மனுஷனா இருக்கமாட்டாரு. 'இதுக்குப் போயா மாமா, எங்க கேரேஜுல டிரம் டிரம்மா ஸ்பிரிட்டு கிடக்கு'ன்னு பெருமையா ஒரு கேன் கொண்டுவந்து கொடுத்தேன். இன்ஜின்ல ஊத்தறதுதானே, குடிக்கவா போறாருன்னு நினைச்சேன். தேய்ச்சாலே உடம்புல ஏறும்னு தெரியாதுங்க. டாக்டர் மெத்தனால்னு சொன்னப்போதான் என் காலுக்குக் கீழ பூமி நழுவுச்சு."

"ஓடிவந்து கேனை மாத்தினீங்க."

"அக்கா மூஞ்சியை நினைச்சுப் பார்த்தேன். சொல்ல தைரியம் வரல. அப்புறம் போலீஸ் அக்காவையே பிடிக்கும்னு யாரு கண்டா? பிராந்தி சுத்தம்னு நீங்க சொல்லிட்டா அக்காவை விட்டுடுவாங்க, யாருக்கும் எதுவும் தெரியாம முடிஞ்சுடும்னு..."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை," என்றான் சோடா. கிண்டலாகச் சொல்ல வந்தது, சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"பழைய கேன் எங்க?" என்று துருவி கேட்டபோது அவளுடைய போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர். இந்த வழக்கைத் தானும் பார்ப்பதாகக் கிளம்பும்போதே அவருக்குச் சொல்லியிருந்தாள். அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பலகைமேல் வைத்தாள்.

"மேடம், உங்க ஆராய்ச்சியை மூட்டை கட்டிடுங்க." உற்சாகமான குரல். "வயலின்காரர் வீட்டைச் சோதனை போட்டோம். மாடிப்படிக்குக் கீழ, பழைய துணி மூட்டைக்குப் பின்னாடி ஒரு கேன். மேலெல்லாம் பழுப்புக் கறை. அந்தம்மா ஒளிச்சு வெச்சிருக்கு. இனிமே பிராந்தி ரிசல்ட்டே வேண்டாம். இங்கேயே அரெஸ்ட் பண்றேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். "எனக்குத் தெரியாது சார். நான் அதைப் பார்த்ததே இல்ல சார்."

மெக்கானிக் கையால் காதைப் பொத்திக்கொண்டான்.

சோடா துருவியைப் பார்த்தான். சொல்லுங்க மேடம் என்று அவன் உதடு அசைந்தது. துருவி சொல்லவில்லை. போனை மட்டும் ஒரு விரலால் மெக்கானிக் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த வீட்ல யாரு யாரு இருக்கீங்க?" என்று அவனிடம் கேட்டாள்.

"அக்கா, மாமா, நான்."

"அப்போ அந்தக் கேன் உங்க மூணு பேர்ல ஒருத்தரோடது."

"ஹலோ? மேடம், கேக்குதா?" என்றது போன்.

மெக்கானிக் கையைக் கீழே இறக்கினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குனிந்து, போனுக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோனான்.

"சார், அது என்னோட கேன். நான்தான் மாமாவுக்குக் கொடுத்தேன். நான்தான் ஒளிச்சு வெச்சேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை விட்டுடுங்க சார்."

துருவி போனை எடுத்து இன்ஸ்பெக்டருக்குப் பட்டறைக்கு வழி சொன்னாள்.

*

ஜீப் வரும்வரை யாராலும் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. துருவி ஜன்னல் டேப்பை நகத்தால் பிய்த்துப் பிய்த்து, கடைசியில் ஒரு கதவைத் திறந்தே விட்டாள். தெருவின் இரைச்சல் உள்ளே வந்தது. சோடா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, விஷம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் பல நாளாக ஏறியது என்று டாக்டரிடம் சொன்னான். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னான்: "கண்ணு முழிச்சுட்டாராம். ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியுதாம். ஆள் வந்தா நிழலா தெரியுதாம். இன்னும் தேறலாம்னு சொல்றாரு. எவ்வளவுன்னு இப்போ சொல்ல முடியாதாம்."

மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினான்.

படியில் பூட்ஸ் சத்தம். அதற்கு முன்னால் செருப்புச் சத்தம். இன்ஸ்பெக்டரைப் பின்னால் விட்டுவிட்டு அவனுடைய அக்கா உள்ளே வந்தாள். அவிழ்ந்த தலை, சிவந்த கண். தூங்கிப் பல நாளான முகம். தம்பி எழுந்து நின்றான். வாங்கப்போகும் அடிக்குத் தயாராகக் கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான்.

அவள் அடிக்கவில்லை. அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி உள்ளங்கைகளைப் பார்த்தாள். தோளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். மோவாயை நிமிர்த்தி ஒரு கண், அப்புறம் மறு கண்.

"நீயும் அதைத் தொட்டியா?"

"ஊத்தினப்போ... கேரேஜுல தினமும் தொடறதுதான்."

அவள் எட்டிப்போய் நின்றுகொண்டு கையை உயர்த்தினாள். "எத்தனை விரல்?"

"அக்கா..."

"எத்தனை விரல்னு கேட்டேன்."

"மூணு."

"இப்போ?"

"ரெண்டு."

"மங்கலா தெரியுதா, பளிச்னு தெரியுதா?"

"பளிச்னு தெரியுது அக்கா." அவன் தேம்பினான். "நல்லாவே தெரியுது."

அவள் மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அதே கையால் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். பட்டறையில் தொங்கிய வயலின்கள் எல்லாம் ஒரு கணம் 'ம்ம்' என்று முனகி அடங்கின. அவள் சத்தம் போட்டு அழுதுகொண்டே அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "அம்மா, இவரை ஸ்டேஷனுக்கு..."

"கூட்டிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்லல." அவள் காலரை விடவில்லை. "முதல்ல ஆஸ்பத்திரி. இவன் மாமாகிட்ட இவன் வாயால சொல்லட்டும். அதுக்கப்புறம் நீங்க எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் துருவியைப் பார்த்தார். துருவி வழியை விட்டு விலகி நின்றாள். அக்கா தம்பியை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். இரண்டாவது வளைவில் அவனுக்குக் கால் இடறியது. காலரைப் பிடித்திருந்த கை சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டது. கீழே போய்ச் சேரும்வரை அப்படியேதான் இருந்தது.